நாய்க்கு மட்டும் பெயர் இருந்த படம்

செய்தி வந்தபோது நான் மெல்பேர்ணில், மல்கிரேவில், அலுவலகத்தின் கார் தரிப்பிடத்தில் நடந்துகொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் நடப்பது என் வழக்கம். சிட்னியிலிருந்து ஆரணி அழைத்தாள். "அன்ரி, அம்மா போயிட்டா" என்றாள். காலை பத்து மணிக்கு, நித்திரையிலேயே, வலி இல்லாமல் என்று அடுத்தடுத்துச் சொன்னாள். அழவில்லை. நான்தான் யாரோ ஒருவருடைய காரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

தேவி சிஸ்டர் என்று உங்களில் பலர் அறிந்த தெய்வானை அக்கா, 2013 குளிர்காலத்தில் தமது அறுபத்தாறாவது வயதில் காலமானார். வெஸ்ட்மீட் பக்கம் ஒரு மருத்துவமனையில் இருபது வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்தவர். சிட்னித் தமிழர்களில் அவர் கையால் ஊசி போட்டுக்கொள்ளாத குடும்பம் குறைவு. ஆரணி அவருடைய ஒரே மகள். கணவர் முன்பே போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு நான் மெல்பேர்ணிலிருந்து போனேன். மண்டபம் நிறைந்திருந்தது. முதலில் பேசியவர் சிவம் அண்ணர். எங்கள் ஆட்களுக்காக வெளிநாட்டுச் சுற்றுலாக்கள் ஒழுங்குசெய்பவர். அவர் பெயரை மறைக்கப் போவதில்லை. அவரும் இதைப் படிக்கட்டும். அவர் சொன்னார்: "தேவி சிஸ்டர் ஒரு அமைதியான பிறவி. ஒருத்தரோடையும் கூடக்குறைய ஒரு வார்த்தை கதைச்சதில்லை. நுவரெலியாவில நல்ல குடும்பத்தில பிறந்தவ."

மூன்று வசனங்கள். முதல் இரண்டும் முழுப் பொய். மூன்றாவதில் பாதி பொய். நல்ல குடும்பம்தான், ஆனால் சிவம் அண்ணர் எங்களை எண்ணவைக்க விரும்பிய குடும்பம் அல்ல. மண்டபத்திலிருந்தவர்களில் இருபது பேருக்காவது அது பொய் என்று தெரியும், அவர்கள் இரண்டு வருடத்துக்கு முன் என்னோடு ஒரு சுற்றுலாப் பேருந்தில் இருந்தவர்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. கைக்குட்டையை மடித்து விரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்தோடும் அந்த வெட்கத்தோடும்தான் இதை எழுதுகிறேன்.

அமைதியான பிறவியை நான் முதலில் சந்தித்தது 2010இல். அப்போது நான் சிட்னியில் இருந்தேன், ஓய்வு நாட்களில் மருத்துவமனைகளுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போவேன். படகில் வந்த ஒரு தமிழரைத் தடுப்பு முகாமிலிருந்து வயிற்று வலியோடு கொண்டுவந்திருந்தார்கள். கட்டிலின் இரு பக்கமும் இரண்டு காவலர்கள். அவர்கள் அவரை அவர் வந்த படகுக்குக் கொடுத்த ஆங்கில எழுத்தாலும் ஒரு எண்ணாலும்தான் குறிப்பிட்டார்கள். கட்டிலுக்கு மேலிருந்த பலகையிலும் யாரோ அதையே எழுதிவிட்டிருந்தார்கள். தேவி சிஸ்டர் உள்ளே வந்தார். பலகையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அதை அழித்தார். பிறகு நோயாளியிடம் குனிந்து, "தம்பி, உம்மட பேர் என்ன?" என்று கேட்டார்.

அவர் தயங்கினார். பிறகு சொன்னார். சிஸ்டர் அதைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதினார். ஒரு காவலர், பாதுகாப்பு விதிப்படி எண்தான் பாவிக்க வேண்டும் என்றார். சிஸ்டர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. "இது என்னுடைய வார்ட். இங்கே எண் கட்டிலுக்குத்தான். மனிதனுக்கு அல்ல." காவலர் மேலிடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். சிஸ்டர் அந்த நேரத்தில் நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மேலிடம் என்ன சொன்னதோ தெரியாது, பெயர் பலகையிலேயே இருந்தது. அமைதியானவராம்.

அன்று தொடங்கியது எங்கள் பழக்கம். நான் வேலை காரணமாக மெல்பேர்ணுக்கு வந்த பிறகும் வாரம் ஒருமுறை பேசுவோம். அவர் என்னை "மனோ, நீர்" என்பார். நல்ல யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார். கணவர் யாழ்ப்பாணத்தவர். எங்கள் எல்லாரையும் போல அவரும் "ஓம்" என்பார், "வாறன்" என்பார். பிறந்த ஊர் கேட்டால், நுவரெலியாப் பக்கம் என்பார். மேலே ஒருவரும் கேட்டதில்லை.

2011 தொடக்கத்தில் ஒருநாள் அழைத்தார். சிவம் அண்ணர் இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் ஒரு பயணம் ஒழுங்குசெய்கிறார் என்றார். மலைகள், ஏரிகள், கோட்டைகள், பழைய பிரபுக்களின் மாளிகைகள். இரண்டு வாரம், பேருந்தில். "ரண்டு பேருக்கு ஒரு அறை. நீர் வந்தால் நான் போறன். வாரும்" என்றார். அவர் எந்தச் சுற்றுலாவுக்கும் போனவர் அல்லர். விடுமுறையிலும் மேலதிக வேலை செய்பவர். ஏன் இந்தப் பயணம் என்று கேட்டேன். "அதில ஒரு இடம் பாக்கவேணும்" என்றார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. ரோஜாத் தோட்டமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சிட்னியிலிருந்தும் மெல்பேர்ணிலிருந்தும் இருபத்திரண்டு பேர். ஜூன் மாதம். அழகில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏரிகளில் மேகம் இறங்கி நின்றது. கல் வேலிகளுக்குள் செம்மறிகள் மேய்ந்தன. ஒவ்வொரு கோட்டையிலும் இறங்கி, மதிலோடு நின்று படம் எடுத்து, வாகனத் தரிப்பிடத்தில் புளிச்சாதமும் சம்பலும் சாப்பிட்டு ஏறினோம். எல்லை தாண்டி ஸ்கொட்லாந்தின் மலைகள் தொடங்கியதும் பேருந்தில் எல்லாரும் ஒரே குரலில், "அப்பிடியே நுவரெலியா மாதிரி" என்றார்கள். தேவி அக்கா ஜன்னலைப் பார்த்தபடி, "நுவரெலியாவைத்தான் இது மாதிரி ஆக்கினவங்கள். ஆக்கினது ஆர் எண்டும் கேக்கவேணும்" என்றார். முன் இருக்கையிலிருந்தவர் திரும்பி, "என்ன?" என்றார். அக்கா, "ஒண்டுமில்லை" என்றார்.

அன்று பின்னேரம் பேருந்தில் பொழுதுபோக்குக்கு ஆளுக்கொரு பகிடி சொல்ல வேண்டும் என்றார்கள். சிவம் அண்ணர் ஒலிவாங்கியை எடுத்தார். "எங்கட வீட்டில வேலைக்கு ஒரு தோட்டக்காட்டுப் பெட்டை நிண்டது. நுவரெலியாப் பக்கமிருந்து ஆரோ கொண்டுவந்து விட்டது. முதல் நாள் கடலைக் கண்டிட்டு, 'ஐயா, இவ்வளவு தண்ணிய ஆரு ஊத்துனது' எண்டு கேட்டுது" என்றார். அவள் பேச்சை, எங்கள் ஆட்கள் இளக்காரமாகப் பார்க்கும் தேயிலைத் தோட்டத்துத் தமிழை, அவர் நடித்துக் காட்டினார். மூக்கால் இழுத்து, கண்ணை உருட்டி. பேருந்து சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பக்கத்தில் பார்த்தேன். தேவி அக்கா தமது கைப்பையின் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்த மாளிகை. சாம்பல் நிறக் கல், நாற்பது ஜன்னல், முன்னால் பெயர்போன ரோஜாத் தோட்டம். அதைக் கட்டியவன் பத்தொன்பது வயதில் இலங்கைக்குப் போய், தேயிலை போட்டுப் பெரிய பணக்காரனாகத் திரும்பியவன். அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவனுக்கு அங்கே சுவர் நிறையப் பெயர் இருக்கிறது. சுற்றிக் காட்டியவர் எழுபது வயதிருக்கக்கூடிய ஒரு பெண்மணி, ஊதியமில்லாமல் வாரத்தில் இரண்டு நாள் வந்து செய்பவர். நாங்கள் இலங்கையில் பிறந்தவர்கள் என்று அறிந்ததும் முகம் மலர்ந்தார். அந்த மனிதர் ஒரு அடர்ந்த காட்டைத் தம் இரண்டு கைகளால் வெட்டித் திருத்தி, செடி செடியாக நட்டார் என்று சொன்னார். எங்கள் ஆட்கள் பெருமையோடு தலையாட்டினார்கள், எங்கள் மாமா செய்த வேலை போல.

தேவி அக்கா ஆங்கிலத்தில், "எத்தனை ஏக்கர்?" என்று கேட்டார்.

"எண்ணூறு" என்றார் அந்தப் பெண்மணி.

"இரண்டு கைகளாலா?"

யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண்மணியும் சிரித்துவிட்டு, அடுத்த அறைக்கு அழைத்துப்போனார். அங்கேதான் அந்தப் படம் இருந்தது. ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படம். தொப்பி போட்ட துரை முக்காலியில் இருக்கிறான். காலடியில் ஒரு நாய். பின்னால் இரண்டு வரிசையில், முதுகில் கூடையும் நெற்றியில் கயிறுமாகப் பெண்கள். கீழே பித்தளைத் தகட்டில் துரையின் பெயர், நாயின் பெயர், பிறகு 'கூலிகளுடன்' என்று ஒரு சொல். நாயின் பெயர் பிரின்ஸ்.

"இந்தப் பெண்களின் பெயர்கள் என்ன?" என்று அக்கா கேட்டார்.

"மன்னிக்க வேண்டும், அவை பதிவில் இல்லை."

"நாயின் பெயர் எப்படிக் கிடைத்தது?"

"அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்" என்றார் அந்தப் பெண்மணி. சொல்லி முடிக்கும்போதே அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும், குரல் தாழ்ந்தது.

தேவி அக்கா அந்தத் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். பிறகு ஆங்கிலத்தில், வார்டில் அறிக்கை கொடுப்பது போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "நான் அந்தத் தோட்டத்தில் பிறந்தவள். ஐந்தாம் லயத்தில், தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடுகளில். பத்தடி அறை, அதில் ஏழு பேர். என் அம்மாவும் அதே லயத்தில் பிறந்தவர். அம்மா பதினோரு வயதில் கூடை தூக்கினார், ஐம்பத்து நான்கு வயதில் அந்த மலையிலேயே விழுந்து செத்தார். காட்டை வெட்டியவர் என் அம்மாவின் தாத்தா. உங்கள் ஆள் வெட்டவில்லை."

இருபது வருடமாக எங்கள் வீடுகளுக்குள் வந்து போன மனுசி. கோயிலில் எங்களோடு இருந்து சாப்பிட்டவர். அவர் யார் என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் எப்படி நடத்தியிருப்போம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சிவம் அண்ணர் முன்னால் வந்தார். "என்ன தேவி சிஸ்டர், என்ன கதை இது? வெள்ளைக்காரருக்கு முன்னால எங்கட மானத்தை வாங்காதையுங்கோ. அந்த மனிசி பாவம், அது என்ன செய்யும்?" என்றார். பிறகு அந்தப் பெண்மணியிடம் ஆங்கிலத்தில், "அவருக்குக் களைப்பு, நீண்ட பயணம்" என்று சிரித்தார்.

"எனக்கு ஒரு களைப்பும் இல்ல" என்றார் அக்கா. அவர் பேச்சு மாறியிருந்தது. நாங்கள் அதுவரை அவரிடம் கேட்டிராத தமிழ் அது. நேற்றுப் பேருந்தில் சிவம் அண்ணர் நடித்துக் காட்டிய அதே தமிழ். "சிவம் அண்ணே, நேத்து சொன்னீங்களே, ஒங்க வீட்ல இருந்த புள்ள. எத்தன வருஷம் இருந்துச்சு?"

"அது... ஒரு பத்து வருசம் இருக்கும்."

"அது பேரு என்னா?"

சிவம் அண்ணர் மனைவியைப் பார்த்தார். மனைவி படத்தைப் பார்த்தார். "எத்தினை காலத்துக்கு முந்தின கதை. நாங்கள் பெட்டை எண்டுதான் கூப்பிடுறது" என்றார் சிவம் அண்ணர்.

"பத்து வருஷம் ஒங்களுக்குச் சோறு ஆக்குச்சு. ஒங்க துணி தொவச்சுச்சு. பேரு தெரியல." அக்கா படத்தைக் காட்டினார். "இவங்க பேரு தெரியாதுன்னு இந்தம்மா சொல்றாங்க. இது இந்தம்மா பொறக்கறதுக்கு முந்தி எடுத்த படம். ஒங்களுக்கு என்னா சாக்கு?"

அந்தப் பெண்மணிக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் ஏதோ விளங்கியது, ஒதுங்கி நின்றார். பிறகு சிவம் அண்ணரின் மனைவி, "வாங்கோ, ரோஜாத் தோட்டம் பாக்க நேரம் காணாது" என்றார். அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. எல்லாரும் கலைந்தார்கள். நானும் அவர்களோடு போனேன். ரோஜாக்களைப் பார்த்தேன். தேநீர்ச் சாலையில் இருந்து பழப்பாகு தடவிய பணிஸ் சாப்பிட்டேன். தேநீரும் குடித்தேன். முக்கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பிப் போனபோது, அக்கா அதே படத்துக்கு முன்னால் ஒரு கதிரையில் இருந்தார். அந்தக் கதிரையைக் கொண்டுவந்து போட்டவர் அந்த ஸ்கொட்லாந்துப் பெண்மணி. நாங்கள் இருபத்தொரு தமிழர் வெளியில் பூப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று இரவு விடுதி அறையில் அவர் எனக்குச் சொன்னார். தோட்டத்துப் பள்ளியில் படித்து, பிறகு ஹற்றனில் கன்னியர் மடத்தில் தங்கிப் படித்து, கொழும்பில் தாதியானவர். காதலித்துக் கட்டியவர் யாழ்ப்பாணத்தவர். கணவரின் வீட்டார் ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தார்கள். தோட்டம் என்ற சொல் வாயிலிருந்து வரக்கூடாது. தெய்வானை என்ற பெயரும் கூடாது, அது அந்த ஆட்களின் பெயராம். அதனால் தேவி. கலியாணத்துக்கு அவருடைய அம்மா வரக்கூடாது. "எங்கம்மா வரல. ஒரு கெழம கழிச்சு நான் தனியாப் போயி கால்ல விழுந்துட்டு வந்தேன். எங்கம்மாவுக்கு ஒரு போட்டோ கெடையாதுங்க மனோ. அந்தப் படத்துல எங்க ஆளு யாராச்சும் இருக்காங்களான்னு பாத்தேன். ஒரு பொண்ணுக்கு எங்கம்மா மூக்கு. மூக்க வச்சு என்னா சொல்ல முடியும்?"

அவர் என்னை 'நீங்க' என்று அழைக்கத் தொடங்கியிருந்தார். அந்த மரியாதை எனக்கு அடி விழுந்தது போல இருந்தது. நான் சொன்னேன், எங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்தாள், எனக்குச் சடை பின்னிவிடுவாள், அவளுடைய பெயர் எனக்கும் நினைவில்லை என்று. நேற்று நானும் சிரித்தேன் என்றும் சொன்னேன்.

"தெரியும். நீங்க சிரிச்சதப் பாத்தேன்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"என்னைய ஏன் கேக்குறீங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டார்.

பயணத்தில் மீதி ஐந்து நாட்களும் எங்கள் இருக்கைக்கு முன்னும் பின்னும் இருந்தவர்கள் இடம் மாறிக்கொண்டார்கள். ஒரு அம்மா அவர் நீட்டிய பிஸ்கட்டை, "பசியில்லை" என்று மறுத்தார். அதற்கு முந்திய கிழமை அதே அம்மாவின் வீங்கிய காலைத் தன் மடியில் வைத்துக் கட்டுப் போட்டவர் அக்கா. சிட்னிக்குத் திரும்பிய பிறகு கதை எங்கும் பரவியது. கோயில் அன்னதானத்துக்குக் காய்கறி வெட்ட அவரை அழைப்பது நின்றது. ஒருவர் என்னிடமே கேட்டார்: "அப்ப இவ்வளவு காலமும் எங்களை ஏமாத்திப்போட்டாவோ?" ஏமாற்றினாராம். ஊசி போடவும், இரவிலே குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேட்கவும் அவருடைய தொலைபேசி இலக்கம் மட்டும் எல்லாரிடமும் பத்திரமாக இருந்தது. அவரும் ஒருவருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. "நோயாளி வேற, அந்தாளு வேற" என்பார்.

அந்த மாளிகைக்கு அவர் கடிதம் எழுதத் தொடங்கினார். முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இரண்டாவதுக்கு, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று இரண்டு வரி வந்தது. "நான் ஆர்வத்துல எழுதல, கோவத்துல எழுதுனேன்னு போட்டு மூணாவது அனுப்பியிருக்கேன்" என்று என்னிடம் சொன்னார். ஹற்றனிலும், இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட உறவினர்கள் இருந்த கூடலூரிலும் கோத்தகிரியிலும், ஆள் ஆளாகத் தொலைபேசியில் தேடிப் பிடித்து, அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த பெண்களின் பெயர்களைச் சேகரித்தார். கோடு போட்ட தாள்களில் மூன்று பக்கம். படத்திலிருக்கும் முகங்களுக்குப் பொருத்திப் போட்டுவிடலாமே என்று நான் சொன்னபோது சினந்தார். "அது பொய்யி. இவங்கதான் அவங்கன்னு எனக்குத் தெரியாது. அந்த மலையில வேல செஞ்சவங்க இவங்கன்னு போட்டா போதும். அவங்க பொய் சொன்னாங்கன்னு நாமளும் சொல்றதா?"

பெயர்களைப் போடச் சுவரில் இடம் போதாது என்று பதில் வந்தது. நாற்பது ஜன்னல் உள்ள வீட்டில்.

2012 முடிவில் அந்த வழிகாட்டிப் பெண்மணி தாமாகவே ஒரு கடிதம் எழுதினார். கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசிப் பார்த்ததாகவும், தம்மால் முடிந்தது இவ்வளவுதான் என்றும். கூடவே ஒரு படம். தகட்டில் 'கூலிகளுடன்' என்றிருந்தது 'தமிழ்த் தொழிலாளர்களுடன்' என்று மாறியிருந்தது. அக்கா என்னை அழைத்து வாசித்துக் காட்டினார்.

"சந்தோசம்தானே அக்கா?" என்றேன்.

"ஒரு சொல்லு மாறியிருக்கு. ஒரு சொல்ல மாத்த ஒன்றரை வருஷம். நாய் பேரு இன்னும் இருக்கு. இதுல என்னா சந்தோஷம்?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தம்மாவுக்கு மட்டும் நன்றி எழுதணும்" என்றார்.

அந்தக் கடிதத்தை அவர் எழுதினாரா தெரியாது. சில வாரங்களில் கணையத்தில் நோய் என்று கண்டுபிடித்தார்கள். கடைசியாக நான் போய்ப் பார்த்தபோது, தாம் வேலை செய்த கட்டடத்துக்குப் பக்கத்துக் கட்டடத்திலேயே கட்டிலில் இருந்தார். மெலிந்து, மஞ்சளாகி. ஒரு இளம் தாதி வந்து, செல்லமே, கண்ணே என்ற தொனியில் ஆங்கிலத்தில் ஏதோ அழைத்தாள். அக்கா கண்ணைத் திறந்து, "என் பெயர் தெய்வானை. கடினமாக இருந்தால் மெதுவாகச் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்றார். அந்தப் பெண் மூன்று முறை முயன்றாள். மூன்றாவது முறை சரியாக வந்தது. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு அவர் தம் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டார், மாத்திரை விழுங்கும் நேரத்தில்.

ஆனால் செத்தவீட்டில் கொடுத்த அட்டையில் தேவி என்றே அச்சாகியிருந்தது. பிறந்த இடம் நுவரெலியா. அச்சடித்துக் கொடுத்தவர் சிவம் அண்ணர்.

முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் போட வேண்டும், நீங்கள்தான் எழுத வேண்டும் என்று ஆரணி கேட்டாள். எழுதினேன். நீங்கள் இதுவரை வாசித்தது பெரும்பாலும் அதுதான். மலரைத் தொகுப்பவரும் சிவம் அண்ணர் என்பதால் அவருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அழைத்தார். கோபப்படவில்லை. மிகவும் அன்பாகப் பேசினார்.

"தங்கச்சி, நல்லா எழுதியிருக்கிறியள். என்னைப் பற்றி எழுதினதைக்கூட நான் பெரிசா எடுக்கேல்லை. அந்தத் தோட்டத்துக் கதையை மட்டும் விடுவம். கிளென் வேவர்லியில ஒரு நல்ல இடம், ஆரணிப் பிள்ளைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கினம். பெடியன் டொக்டர். தாய் தகப்பன் விசாரிக்கிற ஆக்கள். தாய் செத்த கையோட பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுக்கவேண்டாம்."

அக்காவின் கலியாணத்தில் சொன்ன அதே நிபந்தனை, அதே அக்கறையான குரலில், அவருடைய சாம்பல் ஆறுமுன் அவருடைய மகளுக்கு. ஆனாலும் அது என்னுடைய வாழ்க்கை அல்ல. ஆரணியை அழைத்துக் கேட்டேன். உனக்கு வேண்டாமென்றால் நானே கிழித்துவிடுகிறேன் என்றேன்.

"அன்ரி, எனக்கு இருபத்தாறு வயசில தான் அம்மம்மாவின்ர பேரே தெரியும். அந்த ட்ரிப் முடிஞ்சு வந்து அம்மா சொன்னவ. அந்த டொக்டருக்கு நான் எல்லாம் சொல்லிட்டன். ஹி இஸ் ஓக்கே. அவரின்ர அம்மாவுக்குப் பிரச்சினை எண்டால் அது அவவின்ர பிரச்சினை. ஒரு சொல்லும் எடுக்கவேண்டாம். முழுக்கப் போடுங்கோ" என்றாள். பிறகு, "பிறந்த இடத்தையும் மாத்துங்கோ. மஞ்சத்தண்ணித் தோட்டம். அவையள் அதை அப்பிடித்தான் சொல்லுறதாம்" என்றாள். துரை தன் ஊர்ப் பெயரை வைத்த தோட்டத்துக்கு அங்கே வேலை செய்தவர்கள் வைத்த பெயர் அது.

சிவம் அண்ணர், அப்படியானால் தம்மால் முடியாது என்று விலகிக்கொண்டார். ஆரணி வேறொரு அச்சகத்தில் கொடுத்திருக்கிறாள். மலரின் முதற்பக்கத்தில் 'தெய்வானை, மஞ்சத்தண்ணித் தோட்டம், ஐந்தாம் லயம்' என்று இருக்கும். கடைசி மூன்று பக்கங்களில் அவர் கையெழுத்தில் இருந்த பெயர்கள் இருக்கும். எங்களுக்கு இடம் போதும். கிளென் வேவர்லியிலிருந்து இதுவரை பதில் இல்லை.

நான் வைத்துக்கொள்வது என்ன என்று கேட்டால், அவருடைய கோபத்தைத்தான். ஆறப்போட்டு, இனிப்பாக்கி, 'அமைதியான பிறவி' என்று பூச்சூட்டி அதை யாரிடமும் கொடுக்க மாட்டேன். அந்தக் கோபம் இருக்கிறதா என்று சோதிக்க எனக்கு வெகுதூரம் போகத் தேவையில்லை. போன ஞாயிற்றுக்கிழமை முதியோர் இல்லத்தில் இருக்கும் என் அம்மாவைப் பார்க்கப் போனேன். அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. காலையில் என்ன சாப்பிட்டார் என்பது நினைவிருக்காது. எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டில் எனக்குச் சடை பின்னிவிட்ட பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டேன்.

"பேச்சியம்மா" என்றார் அம்மா, உடனே. "ஏன், வந்திட்டுதோ?"

எந்தத் தோட்டம், யார் கொண்டுவந்து விட்டது, எங்கே போனாள் என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களைத் தேடி ஹற்றனுக்கு எழுதியிருக்கிறேன். உயிரோடிருந்தால் பேச்சியம்மாவுக்கு இப்போது அறுபத்தைந்து வயதிருக்கும். ஒருவேளை அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கலாம். ஒருவேளை அவர் என்னைப் பார்க்க விரும்பாமல் இருக்கலாம், அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. அவர், அவருக்கு, அவரை என்று நான் இங்கே எழுதுகிறேன். பத்து வருடம் எங்கள் வீட்டில் அவரை நாங்கள் 'அது' என்றுதான் சொன்னோம்.